கர்ப்பத்தில் வந்த காய்ச்சலும் எலிக்குட்டியின் மூளையும்

பின்னால் படிப்பவர்களுக்கு வசதியாகக் கேள்வியைச் சுருக்கி மேலே போட்டுவிடுகிறேன். தங்கைக்கு ஐந்தாம் மாதம். போன வாரம் மூன்று நாள் வைரல் காய்ச்சல், 102 வரை போயிருக்கிறது, இப்போது சரியாகிவிட்டது. ஆனால் யாரோ வாட்ஸப்பில் "கர்ப்பத்தில் காய்ச்சல் வந்த எலிகளின் குட்டிகளுக்கு ஆட்டிசம் வரும்" என்று ஒரு செய்தியை அனுப்பிவைக்க, அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறார். அந்த ஆய்வு உண்மையா, எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா, மூளையில் அழற்சி என்றால் என்னதான் அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தங்கையைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆய்வு புரளி இல்லை, இருபது வருடத்துக்கும் மேலாகப் பல நாடுகளில் பலர் திரும்பத் திரும்பச் செய்துவரும் வேலை. ஆனால் அந்தத் தலைப்பு ஒவ்வொரு சொல்லிலும் இடறுகிறது. அந்த எலிகளுக்கு வந்தது நமக்கு வரும் காய்ச்சல் இல்லை, குட்டிகளிடம் பார்த்தது ஆட்டிசம் இல்லை, "வரும்" என்று அந்த ஆய்வை எழுதியவர்களே சொல்லவில்லை. நான் ஏழு வருடம் இந்த மாதிரி ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி மூளையை வெட்டிச் சாயமேற்றி செல்களை எண்ணிக்கொண்டிருந்தவன். டாக்டர் இல்லை, ஆகவே மருந்து விஷயத்துக்கு உங்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும். எலி விஷயம் என்னிடம் கேட்கலாம், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று கிட்டத்தில் பார்த்தால்தான் இது பிடிபடும். ஆய்வக எலி என்றதும் வெள்ளை எலிதான் எல்லோருக்கும் மனதில் வரும். இந்த வேலையில் பெரும்பாலும் கறுப்புச் சுண்டெலி, சி57 பிளாக் 6 என்ற வகை, உள்ளங்கையில் அடங்கிவிடும். ராத்திரி ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டு, காலையில் பெண்ணைத் தூக்கிப் பிறப்புறுப்பில் வெள்ளையாக ஓர் அடைப்பு தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் இணை சேர்ந்துவிட்டது, அன்று நண்பகலை அரை நாள் என்று கணக்கு வைப்போம். சுண்டெலியின் கர்ப்பமே மொத்தம் பத்தொன்பது இருபது நாள்தான். அதில் பன்னிரண்டரையாவது நாள், மூளை விஷயத்தில் ஏறக்குறைய மனிதக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், அன்று தாய்க்குப் பாலி ஐ-சி என்ற பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். இது வைரஸ் இல்லை. வைரஸ்கள் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் போலவே செயற்கையாகத் தயாரித்த ஒரு பொடி. உடம்பு அதைப் பார்த்து வைரஸ்தான் வந்துவிட்டது என்று ஏமாந்துபோய் மொத்தப் படையையும் இறக்கும். பாக்டீரியா வந்ததுபோல் ஏமாற்ற வேண்டுமென்றால் எல்.பி.எஸ்., சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு சரக்கு.

ஊசி போட்ட சில மணி நேரத்தில் தாய் எலி ஒரு மூலையில் போய் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ரோமம் சிலிர்த்து நிற்கும், கண் பாதி மூடியிருக்கும், தீனியைத் தொடாது. உடம்பு சுடும் என்றுகூடச் சொல்ல முடியாது, சுண்டெலி சின்ன உடம்பு என்பதால் சில சமயம் சூடு ஏறுவதற்குப் பதில் இறங்கியே போகும். மறுநாள் நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருக்கும், அதற்கடுத்த நாள் தேறிவிடும். குட்டிகள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் பிறக்கும். வித்தியாசம் தெரிவதெல்லாம் அப்புறம், குட்டி வளர்ந்த பிறகு வைக்கும் சோதனைகளில்.

அந்தச் சோதனைகளில் ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பெட்டியில் மரத்தூளை நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மேலே இருபது கோலிக்குண்டுகளை வரிசையாக வைத்து, எலியை உள்ளே விட்டு, அரை மணி நேரம் கழித்து எத்தனை குண்டு புதைந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். சாதாரண எலியும் புதைக்கும், ஊசி போட்ட தாயின் குட்டி கூடுதலாகப் புதைக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்துக்கு இது அளவுகோலாம். இன்னொன்று மூன்று அறைப் பெட்டி. ஒரு பக்க அறையில் முன்பின் தெரியாத ஓர் எலி, மறுபக்கம் ஒரு பொம்மையோ டப்பாவோ, நடு அறையிலிருந்து நம்ம எலி எந்தப் பக்கம் போய் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. சாதாரண எலிக்கு இன்னொரு எலிதான் சுவாரசியம். ஊசி போட்ட தாயின் குட்டிக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், சில ஆய்வுகளில் டப்பாவே மேல் என்றும் இருக்கும். செய்தியில் "எலிக்கு ஆட்டிசம்" என்று வந்ததே, அது இதுதான். கோலிக்குண்டைப் புதைத்த எலிக்கும், ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் மொழிக்கும், உலகத்தை அது பார்க்கிற விதத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஆய்வுக் கட்டுரையில் "ஆட்டிசம் போன்ற நடத்தை" என்று கவனமாகத்தான் எழுதுவார்கள், செய்தியாகும்போது அந்தப் "போன்ற" காணாமல் போய்விடும்.

இந்த ஆய்வு எங்கிருந்து ஆரம்பித்தது என்றால் மனிதர்களிடமிருந்துதான். 1957இல் உலகம் முழுக்க ஒரு ஃப்ளூ கொள்ளைநோய் வந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் அந்தச் சமயம் கர்ப்பத்தின் நடு மாதங்களில் இருந்த குழந்தைகள் பெரியவர்களான பிறகு, அவர்களில் மனச்சிதைவு நோய் கூடுதலாக இருந்ததாக 1988இல் ஒரு கட்டுரை வந்தது. அதற்கப்புறம் வேறு ஊர்களில் தேடியபோது சிலருக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. அமெரிக்காவில் 1964 ரூபெல்லா கொள்ளைநோயில் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் ஆட்டிசம் மிக அதிகமாக இருந்தது, அது தெளிவான சங்கதி. ஆனால் ரூபெல்லா வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கே போய்விடும். ஃப்ளூ அநேகமாகத் தாயின் நுரையீரலோடு நின்றுவிடும். அப்படியென்றால் வைரஸே போய்ச் சேராத குழந்தையின் மூளையில் மாற்றம் எப்படி?

கலிபோர்னியாவில் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த பால் பேட்டர்சன் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 2003இல் அவர் குழு கர்ப்பிணிச் சுண்டெலிகளுக்கு மூக்கு வழியாக ஃப்ளூ வைரஸ் கொடுத்துப் பார்த்தது, குட்டிகளின் நடத்தை மாறியது. வைரஸே இல்லாமல் வெறும் பாலி ஐ-சி போட்டாலும் மாறியது. ஆக, கிருமி முக்கியமில்லை, தாயின் உடம்பு கிருமியோடு போடும் சண்டைதான் முக்கியம் என்று ஆனது. 2007இல் இன்னும் ஒரு படி. சண்டைக்காலத்தில் ரத்தத்தில் ஓடும் தூதுப் புரதங்களில் ஒன்றான இன்டர்லூகின்-6ஐ மட்டும் தனியாகத் தாய்க்கு ஒரே ஒரு ஊசி போட்டார்கள், அதுவே போதுமாக இருந்தது. தலைகீழாக, பாலி ஐ-சி போட்டுவிட்டு இன்டர்லூகின்-6ஐ முடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குட்டிகள் சரியாக இருந்தன. எத்தனையோ பொருள்கள் கலந்து ஓடும் ரத்தத்தில் ஒன்றைக் காட்டி "இவன்தான்" என்று சொல்வது சின்ன வேலை இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இன்றைக்கும் இதுதான்.

2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோரியா சோயும், வேறொரு கூடத்தின் ஜுன் ஹுஹும் சேர்ந்த குழு அடுத்த ஆளைக் காட்டியது, இன்டர்லூகின்-17. தாயின் ஒரு வகை வெள்ளணுக்கள் இதைச் சுரக்கின்றன, இது குட்டியின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளிப்பகுதி, அடுக்கடுக்காக உருவாகும் இடத்தில் சின்னச் சின்னத் திட்டுகளைக் கிளப்புகிறது, அடுக்கு ஒழுங்கு கலைந்துபோகிறது. சுவர் கட்டும்போது ஓரிடத்தில் மட்டும் செங்கல் வரிசை பிசகின மாதிரி. மறு வருடம் வந்ததுதான் சுவாரசியமான திருப்பம். அதே வகை எலி, அதே பெயர், அதே ஊசி, ஆனால் ஒரு வளர்ப்பு நிறுவனத்திலிருந்து வாங்கினால் குட்டியில் மாற்றம் வருகிறது, இன்னொரு நிறுவனத்திலிருந்து வாங்கினால் வருவதில்லை. காரணம் தாயின் குடல். முதல் நிறுவனத்து எலிகளின் குடலில் நூல் போல நீண்டு சுவரை ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியா இருந்தது, அதுதான் அந்த வெள்ளணுக்களை முன்கூட்டியே உசுப்பி வைத்திருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்து அந்த பாக்டீரியாவை ஒழித்தால் அதே ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைத் தங்கையிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி மரபணு உள்ள எலிகளிலேயே, எங்கே வாங்கினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஊசியின் அளவைக் குறைத்தால் மாறுகிறது, மூன்று நாள் தள்ளிப் போட்டால் வேறு மாதிரி மாறுகிறது. அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து, வேறு குடல், வேறு மரபணு, ஒன்பது மாதக் கர்ப்பம், வீட்டில் வந்த சாதாரண வைரல் காய்ச்சல் என்று இருக்கும் ஒரு பெண்ணின் மேல் அப்படியே பொருத்த முடியாது. எலி ஆய்வு "எந்த வழியாக நடக்கலாம்" என்பதைக் காட்டும். "எத்தனை பேருக்கு நடக்கும்" என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

சரி, இப்போது அழற்சி. காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. மூளையில் அழற்சி என்று படித்ததும் குழந்தையின் மூளை அப்படி வீங்கிச் சிவந்து கிடப்பதாக உங்கள் தங்கை கற்பனை செய்திருப்பார், யாரும் அப்படித்தான் செய்வார்கள். இந்த எலிக்குட்டிகளின் மூளையைத் திறந்து பார்த்தால் வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. இங்கே அழற்சி என்பது பெரும்பாலும் ஒரு வகை செல்லின் குணம் மாறுவது. அந்தச் செல்லின் பெயர் மைக்ரோகிளியா. நான் ஏழு வருடம் எண்ணியது இதைத்தான், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மூளை என்றால் நியூரான் என்றுதான் பள்ளியில் படித்தோம். மனித மூளையில் நியூரான் ஏறக்குறைய 8,600 கோடி, நியூரான் அல்லாத செல்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. அந்த மற்றவைகளில் ஒரு சிறு பங்கு மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஒர்தேகா வெள்ளி உப்பை வைத்துச் சாயமேற்றி இவற்றைத் தனியாகக் காட்டினார். அவருடைய குரு, நோபல் வாங்கிய ரமோன் இ கஹால், இவற்றையெல்லாம் மூளையின் "மூன்றாவது வகை" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். சின்னவர் மூட்டையைப் பிரித்து உள்ளே இரண்டு வெவ்வேறு வகை இருக்கிறது என்றதும் இருவருக்கும் ஆகாமல் போய், 1920இல் ஒர்தேகா கூடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குரு சிஷ்யன் தகராறு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். கடைசியில் ஒர்தேகா சொன்னதுதான் சரி. மைக்ரோகிளியா மூளையின் சொந்தப் பிள்ளை இல்லை, வெளியிலிருந்து குடிவந்த செல் என்றும் அவர் சொன்னார், அதுவும் சரியாகவே போனது. கருவின் ஆரம்பத்தில் அதை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கும், முதல் ரத்த அணுக்கள் அங்கேதான் உண்டாகும். மைக்ரோகிளியாவின் முன்னோர் அந்தப் பையில் பிறந்து மூளைக்குள் நுழைந்தவை என்று சுண்டெலியில் 2010இல் ஃப்ளோரன் ஜின்ஹோவும் மிரியம் மெராடும் குறிபோட்டுத் தொடர்ந்து காட்டினார்கள். ஒருமுறை குடியேறிய பிறகு உள்ளேயே பெருகிக்கொள்ளும், வெளியிலிருந்து புதிய ஆள் அநேகமாக வருவதில்லை. மனிதரில் ஒரு மைக்ரோகிளியா சராசரியாக நாலு வருடத்துக்கு மேல் வாழ்கிறது, சில இருபது வருடம்கூட இருக்கும்.

நுண்ணோக்கியில் இதைப் பார்ப்பது தனி அனுபவம். மூளையை முப்பது நாற்பது மைக்ரான் தடிமனில் வெட்டி, ஐபா-1 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஊறவைத்து, பழுப்புச் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு மைக்ரோகிளியாவும் தனியாகத் தெரியும். வளர்ந்த எலியில் நடுவில் சின்ன உடல், சுற்றிலும் இலையுதிர்ந்த கருவேலம் போல மெல்லிய கிளைகள், ஒன்றின் கிளை இன்னொன்றின் கிளையைத் தொடாமல் தோட்டக்காரர் அளந்து நட்ட மாதிரி இடைவெளி. பிறந்து நாலைந்து நாளான குட்டியில் வேறு காட்சி. பல செல்கள் கிளையில்லாமல் உருண்டு திரண்டு, உள்ளே எதையோ விழுங்கிய வயிறோடு இருக்கும். முதல் முறை பார்த்தபோது இந்தக் குட்டிக்கு ஏதோ நோய் என்று நினைத்து ஓடிப்போய் சீனியரைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லப்பா, இது கன்ட்ரோல்தான், ஊசி போடாத தாயின் குட்டி, குட்டி மூளை இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நோயில் பார்க்கும் உருவமும் வளர்ச்சியில் பார்க்கும் உருவமும் அவ்வளவு ஒன்றுபோல் இருக்கும்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. அழற்சியைச் செய்யும் செல்லும் மூளையைக் கட்டும் செல்லும் ஒன்றே. இவை சும்மா இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், "ஓய்வு நிலை" என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2005இல் உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டை மெல்லியதாகச் சீவி, அதன் வழியாக லேசர் நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தக் கிளைகள் நிமிடத்துக்கு நிமிடம் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கின்றன. சில மணி நேரத்தில் மூளை முழுவதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடும் வேகம். ராத்திரி ரோந்து போகும் கூர்க்கா மாதிரி, ஆனால் தூங்காத கூர்க்கா.

வளரும் மூளையில் ரோந்தோடு தோட்ட வேலையும் உண்டு. மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுவிட்டு, பின்னால் வேண்டாததைக் கழித்துக்கட்டும். முருங்கையை ஒடித்து விடுகிறோமே, அப்படி. 2011இல் ரோம் பக்கத்திலிருக்கும் ஒரு கூடமும், 2012இல் பாஸ்டனில் பெத் ஸ்டீவன்ஸின் கூடமும் சுண்டெலிக் குட்டிகளின் மைக்ரோகிளியாவுக்குள்ளே நியூரான் இணைப்பின் துண்டுகள் கிடப்பதைக் காட்டின. எந்த இணைப்பைக் கழிக்க வேண்டும் என்று அடையாளம் வைப்பது காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம், ரத்தத்தில் பாக்டீரியாவுக்குக் குறி வைக்கும் அதே கூட்டம். புதுசாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல் இருக்கிற அரிவாளையே வயலுக்கும் வீட்டுக்கும் பயன்படுத்திக்கொள்கிறது உடம்பு.

இணைப்பு மட்டுமில்லை, செல்லையே விழுங்கும். 2013இல் கலிபோர்னியாவின் டேவிஸில் எலி, குரங்கு இரண்டின் கருமூளையிலும், நியூரான்களைப் பெற்றெடுக்கும் மூலச் செல்களை மைக்ரோகிளியா விழுங்கி எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது என்று காட்டினார்கள். தாய் எலிக்கு எல்.பி.எஸ். போட்டால் மைக்ரோகிளியா உசுப்பப்பட்டு மூலச் செல்கள் குறைந்தன. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கால் மைக்ரோகிளியாவை மட்டுப்படுத்தினால் மூலச் செல்கள் அளவுக்கு மேல் பெருகின. கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். அழற்சி என்றாலே கெட்டது, முழுசாக அடக்கிவிட்டால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

போதாது என்றால் மேரிலாண்டில் மார்கரெட் மெக்கார்த்தியின் வேலையைச் சொல்வேன். புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்று ஒரு பொருள், நமக்குக் காய்ச்சலையும் வலியையும் கொண்டுவருவது, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் மட்டுப்படுத்துவது இதன் உற்பத்தியைத்தான். புதிதாகப் பிறந்த எலியில் ஆண் மூளையின் ஒரு பகுதி ஆணுக்குரிய அமைப்பைப் பெறுவதே இந்தப் பொருளால்தான் என்று 2004இல் காட்டினார்கள். பெண் குட்டிக்கு இதைக் கொடுத்தால் வளர்ந்ததும் ஆண் எலியைப் போல நடந்துகொள்கிறது, ஆண் குட்டியில் தடுத்தால் ஆண் நடத்தை குறைகிறது. 2013இல் அதற்கு மைக்ரோகிளியாவும் வேண்டும் என்று தெரிந்தது. யாருக்கும் நோய் இல்லை, கிருமி இல்லை, சாதாரண வளர்ச்சியின் நடுவில் அழற்சிப் பொருள் ஒன்று கொத்தனார் வேலை பார்க்கிறது. மனிதருக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இது எலி.

இன்னும் ஒன்று, பயமுறுத்த இல்லை, முழுப்படம் வேண்டும் என்பதற்காக. ஸ்டேசி பில்போ என்ற ஆராய்ச்சியாளர், பிறந்து நாலு நாளான எலிக்குட்டிகளுக்கு ஈ. கோலை பாக்டீரியாவைக் கொடுத்தார். அவை பெரிதாகி எல்லா எலியையும் போலவே கற்றன, நினைவில் வைத்துக்கொண்டன. வளர்ந்த பிறகு கற்கும் சமயத்தில் சிறிது எல்.பி.எஸ். கொடுத்தபோதுதான் தடுமாறின. சிறுவயதில் எதுவும் வராத எலிகள் அதே எல்.பி.எஸ்.ஸுக்குத் தடுமாறவில்லை. நீண்ட ஆயுள் உள்ள மைக்ரோகிளியா முதல் தொற்றை மறக்கவில்லை, இரண்டாவது முறை அளவுக்கு மீறிக் கத்துகிறது. ஆனால் இதையே மறுபக்கமிருந்து படித்துப் பாருங்கள். முதல் அடி மட்டும் விழுந்த எலிகள் நன்றாகவே இருந்தன.

எங்கள் துறையின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அந்த வாட்ஸப் செய்தி மாதிரி ஆகிவிடுவேன். முதலாவது, எண்ணிக்கை. ஒரு தாய்க்கு ஊசி போட்டு எட்டுக் குட்டிகளைச் சோதித்தால் அது எட்டு எலி இல்லை, ஒரு தாய்தான். ஒரே வயிற்றில் இருந்தவை ஒன்றுபோலத்தான் இருக்கும். இதைக் கவனிக்காமல் எட்டு என்று கணக்குப் போட்ட கட்டுரைகள் எக்கச்சக்கம். இரண்டாவது, எலி நடத்தை காற்றடித்தாலும் மாறும். நான் இருந்த இடத்தில் ஒருமுறை பக்கத்துக் கட்டடத்தில் துளைபோடும் வேலை ஆரம்பித்தார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் பிறந்த குட்டிகளில் பாதியைத் தாய்களே தின்றுவிட்டன, ஊசி போட்டது போடாதது இரண்டு கூட்டத்திலும். மூன்று மாத வேலை குப்பைக்குப் போயிற்று. அப்போது எஞ்சிய குட்டிகளை வைத்துச் சோதனை நடத்தியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும், அது யாருக்கு என்ன சொல்லியிருக்கும்?

மூன்றாவது கொஞ்சம் பெரிய ஓட்டை. மைக்ரோகிளியா இவ்வளவு முக்கியம் என்றால் அதுவே இல்லாத எலி தாறுமாறாக அல்லவா இருக்க வேண்டும்? எடின்பரோவில் 2019இல் மரபணுவின் ஒரு சின்னத் துண்டை நீக்கி, மைக்ரோகிளியா இல்லாமலே பிறக்கும் சுண்டெலியை உருவாக்கினார்கள். அது பார்வைக்கு நன்றாகவே வளர்கிறது, மூளையும் பெரும்பாலும் ஒழுங்காகவே அமைகிறது. அதே வருடம், அதே மரபணு பழுதாகி மைக்ரோகிளியா கிட்டத்தட்ட இல்லாமலே பிறந்த குழந்தையைப் பற்றியும் கட்டுரை வந்தது, அந்தக் குழந்தையின் மூளையில் இரண்டு பாதிகளை இணைக்கும் பாலமே இல்லை. எலிக்கு ஒன்று, மனிதனுக்கு வேறொன்று. என் கணிப்பு, மைக்ரோகிளியா இல்லாதபோது மற்ற செல்கள் அந்த வேலையில் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்கின்றன, ஆகவே ஆள் இல்லாததைவிட ஆள் இருந்து தப்பாக வேலை செய்வதுதான் அதிகச் சேதம். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

எலியை நம்பி மனிதனுக்குப் போய் அடிவாங்கிய கதையும் உண்டு. மினோசைக்ளின் என்று முகப்பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை, மைக்ரோகிளியாவை அடக்கும். ஏ.எல்.எஸ். என்ற தசை செயலிழக்கும் நோய் கொண்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஆயுள் நீண்டது. 2007இல் 412 நோயாளிகளிடம் சோதித்த முடிவு வந்தது, மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். அதிலிருந்து எலியில் வேலை செய்தது என்று யாராவது மாத்திரையோ லேகியமோ நீட்டினால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். கர்ப்பிணிக்கு "மூளை அழற்சியைக் குறைக்கும்" என்று எதையாவது விற்கிறவர்கள் உங்கள் தங்கையிடமும் வருவார்கள், கதவைச் சாத்துங்கள்.

மனிதர்களிடம் என்ன தெரியும்? நல்ல பெரிய ஆய்வு ஒன்று டென்மார்க்கிலிருந்து 2010இல் வந்தது. 1980 முதல் 2005 வரை அங்கே பிறந்த பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். கர்ப்பம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், தாய்க்கு வந்த தொற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மாதவாரியாகப் பிரித்தபோது, முதல் மூன்று மாதத்தில் வைரஸ் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் குழந்தைகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு, நடு மூன்று மாதத்தில் பாக்டீரியா தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டவர்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு. மூன்று மடங்கு என்றதும் திடுக்கென்று இருக்கும். அது ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு வந்த தொற்று, அதிலும் முதல் மூன்று மாதம், அதிலும் அடிப்படை எண்ணிக்கை சிறியது. நூறில் ஒன்று நூறில் மூன்றாக ஆனாலும், மீதித் தொண்ணூற்றேழு பேருக்கு ஒன்றும் இல்லை. உங்கள் தங்கைக்கு ஐந்தாம் மாதம், வீட்டிலேயே மூன்று நாளில் இறங்கிய வைரல் காய்ச்சல். இந்த ஆய்வு பயம் காட்டும் எந்தக் கட்டத்திலும் அவர் வரவில்லை.

ஒரு வினோதமும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் காய்ச்சல் வரும்போது கொஞ்சம் கூடுதலாக முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று பெற்றோர் பலகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2020இல் அதே சோய்-ஹுஹ் குழு, பாலி ஐ-சி ஊசி போட்ட தாயின் வளர்ந்த குட்டிகளுக்கு எல்.பி.எஸ். கொடுத்தபோது அவை தற்காலிகமாக மற்ற எலிகளோடு பழகின. காரணம் இன்டர்லூகின்-17. கருவில் கெடுத்ததாகச் சொன்ன அதே ஆள் வளர்ந்த பிறகு உதவி செய்கிறான்.

நடைமுறைக்கு வருவோம். இனி காய்ச்சல் வந்தால் "தானாகப் போகும்" என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிற அளவில் பாராசிட்டமால் போடட்டும், எலி ஆய்வைப் படித்துவிட்டு மாத்திரைக்கும் பயப்பட வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை மட்டும் கேட்காமல் போடக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் எச்சரித்திருக்கிறது. போன வாரக் காய்ச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எவ்வளவு ஏறியது, தடிப்பு ஏதாவது வந்ததா, என்ன மாத்திரை போட்டார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கர்ப்பகால அட்டையோடு பின் அடித்து வையுங்கள். தடிப்பு இருந்திருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள், ரூபெல்லா போன்றவற்றுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை, எடுக்காவிட்டால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.